புதுசா ஏதாவது இருக்கா?

சின்ன வயதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. (பயப்படாதீர்கள், பத்திரிகையில் எழுதக்கூடிய கெட்ட பழக்கம்தான்.) கடலை வாங்கினால் கடலையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தைப் படிப்பேன். மளிகைக் கடைப் பருப்பை அம்மா டப்பாவில் கொட்டும்போது, "காகிதத்தைக் கிழிச்சுடாதேம்மா" என்று பக்கத்திலேயே நிற்பேன். அதில் என்ன வரும் என்று சொல்லவே முடியாது. எட்டாம் கிளாஸ் பையன் ஒருவனின் சரித்திரப் பேப்பர் வரும். 'அக்பர் செய்த நன்மைகள் ஆறு' என்று ஆரம்பித்து நாலாவதோடு காகிதம் முடிந்துவிடும். மீதி இரண்டு நன்மைகள் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு தடவை யார் வீட்டுக் கல்யாணச் செலவுக் கணக்கோ வந்தது. நாதஸ்வரம், வாழை இலை, வெற்றிலை என்று வரிசையாகப் போட்டு நடுவில் 'மாமா கோபத்துக்கு வேஷ்டி 1' என்று எழுதியிருந்தது. யார் அந்த மாமா, என்ன கோபம், ஒரு வேஷ்டியில் தீர்ந்ததா? பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் இதே யோசனை.

இப்போது பருப்பு சீல் போட்ட பாக்கெட்டில் வருகிறது. புரதம் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறார்கள். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அந்தப் பொட்டலக் காகிதத்தின் இடத்தைப் பிற்காலத்தில் எனக்கு நிரப்பியது வலைப்பதிவு. அதாவது பிளாக். முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டில், தன் தெருவில், தன் மண்டையில் நடந்ததைத் தானே எழுதித் தானே போட்டுக்கொள்ளும் பக்கம். எடிட்டர் இல்லை, சன்மானம் இல்லை, வருத்தத்துடன் திருப்பி அனுப்பும் வழக்கமும் இல்லை.

* * *

இதெல்லாம் ஞாபகம் வந்ததற்குக் காரணம் எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன். மத்தியானம் ஒன்றே கால் மணி. நான் வழக்கம்போல் ஸ்பூன் மறந்துபோய் அவனுடையதைக் கடன் வாங்கித் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் ஒரு கையால் சாப்பிட, மறு கையின் கட்டைவிரல் ஃபோனை மேலே மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.

"என்னப்பா பாக்கறே?"

"ஒண்ணும் இல்லை சார். சும்மா."

"யார் அனுப்பறாங்க இதையெல்லாம்?"

"யாரும் அனுப்பறதில்லை சார். அதுவா வருது. நமக்கு என்ன பிடிக்கும்னு அதுக்கே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"போன வாரம் ஒரு நாய்க்குட்டி வீடியோவை முழுசாப் பார்த்துட்டேன் சார். அதிலேர்ந்து ஒரே நாய்."

நான் யோசித்துப் பார்த்தேன். நேற்று ஹோட்டலில் இட்லி சாப்பிட்டேன். அதற்காக அந்த சர்வர் இன்றைக்கும் இட்லி, நாளைக்கும் இட்லி, நான் வாயைத் திறக்குமுன் ஆயுசு பூராவும் இட்லியே கொண்டுவந்து வைத்தால்? 'சாருக்கு இட்லி பிடிக்கும்' என்று பெருமை வேறு. அந்த ஹோட்டலில் அடை போடுகிறார்கள் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விடும்.

"நீ கேக்காததை, உனக்குப் பிடிக்குமான்னு உனக்கே தெரியாததை, எங்கே போய்ப் பார்ப்பே?" என்றேன்.

"எதுக்கு சார் பாக்கணும்?" என்றான். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு லஞ்ச் போதவில்லை. ஒரு வாரம் ஆயிற்று.

* * *

முதலில் சரித்திரம். (அக்பரைவிடச் சுருக்கமாக.) 1994-ல் ஜஸ்டின் ஹால் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் தன் சொந்த சமாசாரங்களை இன்டர்நெட்டில் எழுத ஆரம்பித்தார். இது என்ன, இதற்கு என்ன பெயர் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்பவர் தன் பக்கத்துக்கு 'வெப்லாக்' என்று பெயர் வைத்தார். 1999-ல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அந்த ஒரே வார்த்தையைத் தப்பான இடத்தில் வெட்டி 'வீ பிளாக்' என்று விளையாட்டாக எழுதிவைக்க, முதல் துண்டு காணாமல்போய் 'பிளாக்' நிலைத்துவிட்டது. அதே 1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சின்ன கம்பெனி 'பிளாகர்' சேவையைத் திறந்தது. 2003-ல் கூகுள் அதை வாங்கியது.

அந்த பிளாகரில் பக்கத்தின் உச்சியில் ஒரு பட்டன் இருக்கும். 'அடுத்த பிளாக்'. அழுத்தினால் எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ளும். போர்ச்சுகீசு மொழியில் ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். இன்னொரு அழுத்து, யாரோ பின்னிய ஸ்வெட்டர். இன்னொன்று, தவளைகளின் ஃபோட்டோக்கள். எனக்கு அது அப்படியே கடலைப் பொட்டலம். மாதக் கடைசி ஸ்டேட்மென்டை ஒரு ஜன்னலிலும் தவளைகளை இன்னொரு ஜன்னலிலும் திறந்துவைத்து, மேனேஜர் செருப்புச் சத்தம் கேட்டதும் ஆல்ட்-டேப் அடிப்பதில் நான் அடைந்த வேகம், வேறு எந்தத் தொழிலிலும் அடைந்ததில்லை.

தமிழில் இது சுலபமாக வரவில்லை. ஆளுக்கு ஒரு எழுத்துரு. ஒருவர் எழுதியது இன்னொருவர் மெஷினில் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடு வந்து, எ-கலப்பை மாதிரி இலவச மென்பொருள்கள் வந்து, ஆங்கில விசைகளில் அம்மா என்று தட்டினால் தமிழில் அம்மா என்றே விழும் என்ற நிலை வந்த பிறகுதான் ஜனங்கள் துணிந்தார்கள். 2004-ல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்ற திரட்டியைத் தொடங்கினார். தமிழில் யார் எந்த மூலையில் புதிதாக எழுதினாலும் அங்கே ஒரு வரி வந்து உட்காரும். புதியது மேலே, பழையது கீழே. மதுரைக்காரரின் அரசியலுக்குக் கீழே டொரண்டோ அம்மாவின் வத்தக்குழம்பு, அதற்குக் கீழே துபாய் பேச்சிலரின் புலம்பல், அதற்குக் கீழே 'இது ஒரு மொக்கைப் பதிவு' என்று சத்தியமான தலைப்பு போட்ட மொக்கைப் பதிவு. மெரினா காந்தி சிலை அருகில் பதிவர்கள் சந்திப்பார்கள். புனைபெயர்களுக்கு முகம் கிடைக்கும். சிங்கம் புலி என்று பெயர் வைத்தவர் ஒல்லியாக, டிபன் பையோடு வருவார்.

நானும் ஒன்று நடத்தினேன். மொத்தம் 31 பதிவுகள். அதில் '21ஜி-யில் ஜன்னல் சீட் பிடிப்பது எப்படி' ஓரளவு பேசப்பட்டது. (என் மைத்துனன் பேசினான்.)

* * *

இப்போது கொஞ்சம் தொழில்நுட்பம். தூங்கிவிடாதீர்கள், இரண்டே பாராதான்.

நூறு பேர் எழுதுகிறார்கள், யார் எப்போது எழுதுவார்கள் என்று தெரியாது. தினமும் நூறு வீட்டுக் கதவையும் தட்டிப் பார்க்க முடியுமா? அதற்கு ஒரு பையனை அனுப்பலாம். அவன் பெயர் ஆர்.எஸ்.எஸ். (நாக்பூருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 1999-ல் நெட்ஸ்கேப் கம்பெனி உண்டாக்கியது. ஒவ்வொரு பிளாகும் தன் பக்கத்தோடு கூடவே ஒரு சின்ன ஃபைலையும் வைத்திருக்கும். கடைசியாக எழுதிய பத்து இருபது பதிவுகளின் தலைப்பு, தேதி, முகவரி, சில சமயம் முழு விஷயமும் அதில் இருக்கும். உங்கள் ரீடர் மென்பொருள் மணிக்கு ஒரு தரமோ என்னமோ அந்த வாசலில் போய் நின்று, 'புதுசா ஏதாவது இருக்கா?' என்று கேட்கும். இருந்தால் கொண்டுவந்து உங்கள் பட்டியலில் அந்தப் பெயரைத் தடித்த எழுத்தாக்கி, பக்கத்தில் (1) என்று போடும். இல்லாவிட்டால் அந்த வீட்டு சர்வர் 304 என்று ஒரு நம்பர் சொல்லும். 404 உங்களுக்குத் தெரியும். 304 அதன் சித்தப்பா பிள்ளை. 'பழசுதான், ஒண்ணும் மாறலை, போயிட்டு வா' என்று அர்த்தம். பையன் கோபிக்காமல் அடுத்த மணிக்கு மறுபடி போவான். சிபாரிசு கிடையாது. 'இதைப் படித்தவர்கள் இதையும் படித்தார்கள்' கிடையாது. நீங்கள் சொன்ன வீடு, அவர்கள் எழுதிய வரிசை, அவ்வளவுதான்.

இந்த மூன்றெழுத்துக்கு விரிவு என்ன என்பதில் மட்டும் கடைசிவரை ஒற்றுமை இல்லை. முதலில் ஒன்று சொன்னார்கள், பிறகு வேறு, பிறகு 'ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்'. ரொம்ப சிம்பிள் என்று பெயர் வைத்துவிட்டு வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். 2000-ல் அதன் ஒரு வடிவத்தை எழுதிய குழுவில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற பையனும் இருந்தான். வயது 14. அந்த வயதில் நான் பொட்டலம் படித்துக்கொண்டிருந்தேன். அவர் 2013 ஜனவரியில், 26 வயதில் இறந்துபோனார். இன்றைக்கும் நீங்கள் பாட்காஸ்ட் கேட்டால் பெரும்பாலும் அந்தக் குழாய் வழியாகத்தான் வருகிறது.

* * *

என் பட்டியலில் ஒருவர் இருந்தார். தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். தபால் ஆபீஸ் உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆனவர். பெயர் எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. கிணற்றுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை தோறும் முடிச்சுப் போட்ட கயிற்றை வீட்டுக் கிணற்றில் இறக்கித் தண்ணீர் எத்தனை முழத்தில் இருக்கிறது என்று எழுதுவார். அதற்குக் கீழே அந்த வாரம் மனதில் பட்டது ஏதாவது. எதிர்வீட்டு முருங்கை, பென்ஷன் கியூவில் நடந்த சண்டை, பழைய மணியார்டர் பாரங்களில் ஜனங்கள் எழுதுகிற இரண்டு வரிச் செய்திகள். நடை என்று ஒன்றும் கிடையாது. பிழைகூட இருக்கும். ஆனால் ஞாயிறு சாயங்காலம் (1) வராவிட்டால் எனக்குச் சரியாக இருக்காது.

ஒரு வாரம் அவர் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததைப் பற்றி எழுதினார். புலம்பல் இல்லை. ஒரு பட்டியல். 'யாரையாவது பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறவர்கள் கொண்டுபோக வேண்டியவை: தலையணை உறை இரண்டு, பிளாஸ்டிக் மக் ஒன்று, நாலு முழம் நைலான் கயிறு, பத்து ரூபாய் நோட்டு ஒரு கட்டு, பழைய நோட்டுப் புத்தகம், பேனா.' கயிறு, துண்டு காயப்போட. நோட்டு எதற்கு என்றால், டாக்டர் காலையில் இரண்டே நிமிஷம்தான் நிற்பார். ராத்திரி பூராவும் நாம் நினைத்து நினைத்து வைத்த கேள்வி அந்த இரண்டு நிமிஷத்தில் வாயில் வராது. அதனால் தோன்றும்போதே நம்பர் போட்டு எழுதிவை என்றிருந்தார்.

2010-ல் என் அப்பாவைச் சேர்த்தபோது ராத்திரி பதினொரு மணி. வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, நான் பைத்தியக்காரன் மாதிரி நைலான் கயிறு தேடிக்கொண்டிருந்தேன். தெரு முனையில் கடை அடைக்கப்போனவரை நிறுத்தி வாங்கினேன். மறுநாள் வார்டில் அந்தக் கயிற்றில் எங்கள் துண்டோடு பக்கத்துக் கட்டில்காரர்கள் துண்டும் காய்ந்தது. மூன்றாம் நாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது நான் திக்கித் திணற, அவரே என் கையிலிருந்த நோட்டை வாங்கினார். ஏழு கேள்வி. நின்று ஏழுக்கும் பதில் சொல்லிவிட்டு, "யார் எழுதச் சொன்னது?" என்றார். "தெரிஞ்சவர் ஒருத்தர்" என்றேன். பதினோராம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார்.

அந்தத் தெரிஞ்சவருக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். 'ஐயா, கயிறு உதவியது' என்று. அடுத்த ஞாயிறு எழுதலாம் என்று வைத்தேன். ஞாயிறுகளுக்கா பஞ்சம்?

* * *

என் பையனை அனுப்பி வைத்துக்கொண்டிருந்தது கூகுள் ரீடர். 2005-ல் வந்தது. 2013 மார்ச்சில், மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். அந்த வருஷம் ஜூலை 1 கடைசி. உலகம் பூராவும் கையெழுத்து இயக்கம், கண்ணீர், திட்டு. ஒன்றும் பலிக்கவில்லை. போகுமுன் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பட்டியலை ஃபைலாக எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டேன். பென் டிரைவை அலமாரியில் போட்டேன். அலமாரியில் போனது எதுவும் எங்கள் வீட்டில் சீக்கிரம் திரும்புவதில்லை.

கிணற்றுக்காரர் அதற்கு முந்தைய வருஷமே எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார். உடம்பு சரியில்லையா, இன்டர்நெட் பில் கட்டவில்லையா, அலுப்பா, தெரியவில்லை. பையன் போய்ப் போய்க் கேட்டு 304 வாங்கிக்கொண்டு வந்தான்.

நாய்க்குட்டிப் பையனோடு பேசிய அன்று ராத்திரி அந்த பென் டிரைவைத் தேடி எடுத்தேன். புது ரீடர் ஒன்றில் பட்டியலை ஏற்றினேன். (ஃபீட்லி, இனோரீடர் என்று இருக்கின்றன. சும்மாவே கொஞ்சம் படிக்கலாம்.) பையன் இத்தனை வருஷம் கழித்து எல்லா வீட்டுக்கும் ஓடினான். நான் பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். முக்கால்வாசி வாசலில் பதிலே இல்லை. சில இடத்தில் 404. ஒரு இடத்தில் 410. 'இருந்தது, எடுத்தாச்சு, இனிமே வராதே' என்று நிரந்தரமாகச் சொல்லும் நம்பர் அது. சில இடத்தில் தெருவே இல்லை. சில பிளாகுகள் 2009-ல் 'விரைவில் தொடரும்' என்று நிற்கின்றன. எட்டு பத்து பேர் மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தவளைக்காரர் இருக்கிறார்! தவளைகளும் சௌக்கியம்.

நடுவில் கிணற்றுக்காரர் பெயர் தடித்த எழுத்தில். பக்கத்தில் (14).

எனக்குக் கை நடுங்கியது என்று எழுதினால் மிகை என்பீர்கள். கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. திறந்தேன். 'ஆன்லைன் ரம்மியில் முதல் டெபாசிட்டுக்கு போனஸ்' என்று இருந்தது. பதினாலும் அதேதான்.

நடந்தது இதுதான். அவர் இலவச முகவரியில் இல்லாமல், மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த சொந்த முகவரியில் எழுதினார் என்று முன்பே ஒரு பதிவில் சொல்லியிருந்தார். சொந்த முகவரிக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கெடு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படிக் காலியாகும் முகவரிகளுக்காகக் காத்திருப்பதே சிலருக்குத் தொழில். ஏற்கெனவே நாலு பேர் வந்துபோன வீடு என்பதால் மதிப்பு. பழைய பாதையை நம்பிப் போன என் பையனிடம் சீட்டுக்கட்டைக் கொடுத்தனுப்பி விட்டார்கள்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்று ஒரு புண்ணிய ஸ்தாபனம் இருக்கிறது. 1996-லிருந்து இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிறார்கள். 2001 முதல் 'வேபேக் மெஷின்' வழியாக யாரும் பார்க்கலாம். அதில் அவருடைய முகவரியைப் போட்டேன். முகப்புப் பக்கம் மட்டும் இரண்டு தடவை பிரதியாகி இருந்தது. ஆஸ்பத்திரிப் பட்டியல் அதில் இல்லை. மேலே இருந்த கடைசிப் பதிவு இது: 'தண்ணீர் 11 முழம். தேங்காய் பறிக்க ஆள் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.'

* * *

மறுநாள் லஞ்சில் இதைச் சொன்னபோது பையன் கட்டைவிரலை நிறுத்திவிட்டுக் கேட்டான். அப்புறம், "தப்பா நினைக்காதீங்க சார். ஆஸ்பத்திரி லிஸ்ட் சரி. கிணத்துல எத்தனை முழம்னு தெரிஞ்சு நமக்கு என்ன சார் ஆகணும்?" என்றான்.

லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்று ஒரு கடற்படை ஆபீஸ் உத்தியோகஸ்தர். 1660 முதல் 1669 வரை டயரி எழுதினார். 1666-ல் லண்டன் பற்றி எரிந்தபோது மனிதர் தோட்டத்தில் குழி தோண்டித் தன் ஒயினையும் பார்மெசான் சீஸையும் புதைத்தார். ராஜாவின் பிரகடனம் எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? சீஸ் ஞாபகம் இருக்கிறது. ஃபில் கிஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் 2003 ஜனவரி 1 முதல் அந்த டயரியை அன்றன்றைய தேதிக்கு ஒரு நாள் வீதம் பிளாக் மாதிரியே போட ஆரம்பித்தார். ஒன்பது வருஷத்துக்கு மேல் ஓடி முடிந்தது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து!

"நம்மாளு யாரும் இல்லையா சார்?"

ஏன் இல்லை? புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளே துரையின் துபாஷ். 1736-லிருந்து 1761-ல் சாகும் வரை தமிழில் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, துணி என்ன விலை, துரை என்ன சொன்னார், துரைசானி என்ன கலகம் செய்தாள், எல்லாம். 1846-ல் கலுவா-மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் படும் வரை 85 வருஷம் அது தூங்கியது. அப்புறம் ஆங்கிலத்தில் 12 தொகுதிகள். கப்பல் விலாசம் தெரிந்து நமக்கென்ன என்று அன்றைக்கு யாராவது அதில் பருப்பு மடித்திருந்தால் போயிற்று.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து லஞ்சில் நாங்கள் இருவரும் சேர்ந்து தேட ஆரம்பித்தோம். பீப்ஸைப் போட்ட அதே கிஃபோர்ட் 2022-ல் பிளாகுகளுக்கென்றே ஒரு டைரக்டரி திறந்திருக்கிறார். விஷயவாரியாக அடுக்கி, யார் சமீபத்தில் எழுதினார்கள் என்று தேதியோடு. இந்த மாதிரி இன்னும் சில இருக்கின்றன. எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழுக்கு இப்போது குறுக்குவழி இல்லை. ஒருவர் பக்கத்தின் ஓரத்தில் போட்டிருக்கும் சிநேகிதர்கள் பட்டியலைப் பிடித்து, அங்கிருந்து இன்னொருவர் பட்டியல் என்று சந்து சந்தாகப் போக வேண்டும். பாதி சந்து முட்டுச்சந்து. நிறைய குப்பை, நிறைய சுயபுராணம், அரசியல் வசவு. திடீரென்று ஒருவர் பழைய டைப்ரைட்டருக்கு ஸ்பிரிங் தேடி அலைந்ததை எழுதியிருப்பார். எங்கள் இருவருக்கும் டைப்ரைட்டரோடு ஜன்மத் தொடர்பு கிடையாது, இருந்தும் தயிர் சாதம் காய்ந்துபோகும் வரை படித்தோம். பிடித்திருந்தால் அந்தப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளியும் அதன் மேல் இரண்டு வில்லும் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் பையன் நிற்கும் வாசல். இல்லாவிட்டாலும் பக்க முகவரியை ரீடரில் போட்டால் பெரும்பாலும் தானே மோப்பம் பிடித்துவிடும்.

மூன்றாம் நாளே, தவளைக்காரருக்கு ஒரு வரி எழுதிப் போட்டேன். 'இருபது வருஷமாகப் படிக்கிறேன். நன்றி.' அரை மணியில் பதில் வந்தது. மனிதர் தூங்குவதே இல்லை போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பையன் தயங்கித் தயங்கி, "சார், நானும் ஃபோன்ல நோட்ஸ் மாதிரி எழுதி வெச்சிருக்கேன். மேன்ஷன் பத்தி" என்றான். திருவல்லிக்கேணியில் மூன்று பேரோடு ஒரு அறையில் இருக்கிறான். காட்டினான். ஃபேனுக்கு நேர் கீழே யார் படுப்பது என்று நாலு பேரும் போட்டுக்கொண்ட முறைப் பட்டியல், அதில் யார் யாரை ஏமாற்றினார்கள், ஊருக்குப் பணம் அனுப்பிய அன்று ராத்திரி எந்த மெஸ்ஸில் எதைச் சாப்பிடுவது. நான் சிரித்துக்கொண்டே படித்து, ஒரு இடத்தில் சிரிக்காமல் நிறுத்தினேன்.

"போடேன்டா இதை" என்றேன்.

"யார் சார் படிப்பாங்க?"

"நான் படிக்கிறேன்."

சனி, ஞாயிறில் ஒரு பக்கம் ஆரம்பித்தான். இலவச முகவரிதான், ரம்மிக்காரர்களுக்கு வேலை இல்லை. என் பட்டியலில் சேர்த்தேன். திங்கள் காலை பத்து ஐந்துக்குப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. செவ்வாய், 304. கேட்கவில்லை, கேட்டால் கூச்சப்படுவான். புதன் மத்தியானம் சாப்பிட உட்காருமுன் பார்த்தால் தடித்த எழுத்தில் பெயர், பக்கத்தில் (1).

தலைப்பு: 'என் ஸ்பூன்'. எங்கள் ஆபீஸில் ஒரு சீனியர் இருக்கிறாராம். நல்லவராம். உலக சரித்திரம் பூராவும் ஞாபகம் வைத்திருக்கிறாராம். ஸ்பூன் மட்டும் தினமும் மறந்துவிடுகிறாராம். அவர் சாப்பிட்டு, பேசி முடித்துத் திருப்பித் தரும் வரை இவன் தினமும் சாம்பார் சாதத்தைக் கையால் சாப்பிட்டுவிட்டு, சீஸைப் புதைத்தவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு காய்ந்த கையோடு உட்கார்ந்திருக்கிறானாம்.

வியாழக்கிழமை இரண்டு ஸ்பூன் கொண்டுபோனேன்.